ஐந்தாவது பச்சை விளக்கு

ஜூன் 11, புதன்

பேருந்துக்காரர்கள் இன்றைக்கு மறுபடியும் பெயரை மாற்றிவிட்டார்கள். நேற்றுவரை ‘வரும் நேரம்’ என்று எங்கள் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை இன்று காலையிலிருந்து ‘எதிர்பார்க்கும் நேரம்’ என்று அனுப்புகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு சொல். எங்கள் இணையப் பக்கத்துக்கு அது போதும், குழம்பிப்போக. பழைய பெயரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ஊரில் பேருந்தே ஓடவில்லை என்று முடிவு கட்டிவிட்டது. ஆட்கள் வருவதற்குள் சரிசெய்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமல் போவதுதான் என் வேலையின் அழகு என்று டிசைனர் சொல்வான். அவன்தான் எனக்குக் கோந்து என்று பெயர் வைத்தவன். ‘அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு பொறுக்கிட்டு வந்து ஒட்டறவங்களை வேற எப்படிக் கூப்பிடறது?’

வீட்டுக்காரரும் மகள் குட்டியும் ஞாயிற்றுக்கிழமை புது ஊருக்கு ரயிலேறினார்கள். அவருக்கு அந்த ஊர் பாலிடெக்னிக்கில் வேலை. குட்டிக்கு ஒன்றாம் வகுப்பில் இடம். கட்டில், பீரோ, மேஜை எல்லாம் லாரியில் போய்விட்டன. எனக்கு ஒரு மெத்தையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பாத்திரமும் மிச்சம். இரண்டு வாரத்தில் நானும் போய்விடுவேன் என்பதால் இது போதும் என்று நானேதான் சொன்னேன்.

வீட்டில் பேசினால் எதிரொலிக்கிறது. பேசத்தான் ஆள் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

எனக்குப் பதிலாக வரப்போகிறவருக்காக, நம் பக்கம் என்ன செய்கிறது என்று சுருக்கமாக எழுதித் தரச் சொன்னார் முதலாளி. எழுதினேன்:

‘டயாலிசிஸ் செய்துகொள்ள இன்று எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று தேடுகிறவர்களுக்கான பக்கம் இது. ஐந்து மருத்துவமனைகள் தங்கள் காலி இடங்களின் எண்ணிக்கையைக் கணினி வழியாக நமக்குத் தருகின்றன. பேருந்து நிறுவனம் நேரத்தைத் தருகிறது. இன்னொரு நிறுவனம் வரைபடத்தைத் தருகிறது. நாம் இவற்றை ஒட்டி, எங்கே இடம் இருக்கிறது, எந்தப் பேருந்தில் போகலாம், எப்போது போய்ச் சேரலாம் என்று ஒரே திரையில் காட்டுகிறோம். நமக்கென்று சொந்தமாக ஒரு தகவலும் கிடையாது.’

கடைசி வரியை அடித்துவிட்டார். ‘அதை நாமளே எதுக்கும்மா சொல்லிக்கணும்?’

நான் எழுதாமல் விட்ட வரி வேறு. ஐந்து மருத்துவமனைகள் தரவில்லை, நான்குதான் தருகின்றன. பாலத்தை ஒட்டி இருக்கும் ஐந்தாவது மருத்துவமனை ஏப்ரலில் தன் மென்பொருளை மாற்றியது. அன்றோடு அங்கிருந்து வருவது நின்றுபோனது. ‘அஞ்சுன்னு சொல்லித்தான் ஒப்பந்தமே போட்டோம், நாலைக் காட்ட முடியுமா? ரெண்டு வாரம் சமாளிங்க, அவங்க சரிபண்ணிடுவாங்க’ என்றார் முதலாளி. சமாளித்தேன். ஒரு சின்னப் பெட்டி செய்தேன். அலுவலகக் கணினியில் மட்டும் திறக்கும்; ஓர் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும். காலை, மதியம், மாலை அந்த மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கிற அக்காவுக்குப் போன் பண்ணுவேன். ‘எத்தனைக்கா?’ ‘ரெண்டும்மா.’ இரண்டு என்று பெட்டியில் தட்டுவேன். எங்கள் பக்கம் நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தப் பெட்டியைப் போய்க் கேட்டுவிட்டு, மருத்துவமனையே பதில் சொன்னதாக நினைத்துக்கொள்ளும்.

ஹாலில் பெரிய திரை ஒன்று மாட்டியிருக்கிறோம். மருத்துவமனைக்கு ஒன்றாக ஐந்து பச்சை விளக்குகள் எரியும். வெளியாட்கள் வந்தால் முதலாளி அதன் முன்னால் நிறுத்திக் காட்டுவார். ஐந்தாவது பச்சை விளக்கு நான்.

இது முதலாளிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான் வராந்தாவில் போய்த் தாழ்ந்த குரலில் போன் பேசுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் கொஞ்சுகிறேன் என்று டிசைனர் கேலி பண்ணுகிறான். பண்ணிக்கொள்ளட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

சிறுநீரகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. எனவே எனக்கும் கிடையாது. காவலாளி கேட்டைத் திறந்தார். ‘இன்னைக்குமா?’ என்றார். அவர் மட்டும் இன்றைக்கு வந்து நிற்கிறாரே, அதைக் கேட்க நான் யார்.

ஒன்று என்று தட்டிவிட்டு, ஆளில்லாத ஆபீசில் உட்கார்ந்து குட்டியோடு வீடியோவில் பேசினேன். முன்பல் விழுந்துவிட்டதாம். வாயைத் திறந்து கேமராவுக்குள்ளேயே நுழைந்துவிட்டாள். திரை முழுக்க ஈறு. பல்லை எனக்காக டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாளாம், நான் அடுத்த வாரம் வந்ததும் காட்டுவாளாம்.

அடுத்த வாரம் என்று அவளுக்கு யார் சொன்னது? நான்தான் சொன்னேன்.

ஜூன் 30, திங்கள்

பாலத்து மருத்துவமனை இன்னும் சரிசெய்யவில்லை. எனக்குப் பதில் ஆளும் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

இரண்டு பேரைப் பார்த்தார்களாம். ஒருவருக்குச் சம்பளம் போதவில்லை, இன்னொருவர் வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனவர் போனை எடுக்கவில்லை. ‘உங்களை மாதிரி ஒரு ஆள் கிடைக்கணுமே’ என்றார் முதலாளி. இதைவிட நல்ல பூட்டு கடையில் கிடைக்காது. திட்டினால் எழுந்து போய்விடலாம். பாராட்டுகிறவரிடம் என்ன செய்வது?

சரி, ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டால்தான் என்ன? விடுவிப்புக் கடிதம் இல்லாமல் அந்த ஊரில் எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. அது ஒன்று. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை என்று தோன்றுகிறது. நான் போன மறுநாள் காலை பெட்டியில் யார் எண்ணைத் தட்டுவது? யாரும் தட்டாவிட்டால் பக்கம் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பி யாராவது கிளம்பிவிட்டால்?

வீட்டிலிருந்து செய்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். மருத்துவமனைத் தகவலை அலுவலகத்துக்கு வெளியே தொடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். இருக்கிறது. நானே படித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

நான்காவது மருத்துவமனை இன்று காலி இடம் மைனஸ் ஒன்று என்று அனுப்பியது. அப்படியே காட்டிவிட்டது எங்கள் பக்கம். ‘அதாவது ஒருத்தர் நின்னுக்கிட்டே பண்ணிக்கறார்’ என்றான் டிசைனர். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு வராந்தாவுக்குப் போய் அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

குட்டி முன்பெல்லாம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுவாள். இப்போது எங்கேயோ வைத்துவிட்டு விளையாடுகிறாள். எனக்குத் தெரிவது அந்த வீட்டு ஃபேன்தான். அந்த ஃபேனின் ஓர் இறக்கையில் பெயிண்ட் உரிந்திருப்பதுகூட எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாளை குட்டிக்குப் பிறந்தநாள். முதலாளியிடம் லீவு கேட்டுவிட்டேன். எச்சிலை விழுங்கி விழுங்கி, பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகக் கேட்கிற மாதிரி கேட்டேன். ‘தாராளமா போய்ட்டு வாங்கம்மா. பெட்டியில நானே போட்டுடறேன். ஒரு நம்பர்தானே’ என்றார்.

ஒரு நம்பர்தான். ஏப்ரலிலிருந்து நான் கட்டிக்கொண்டு அழுவதும் அதே ஒரு நம்பரைத்தான்.

அக்காவின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். காலை, மதியம், மாலை என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். மாலை ரயில். கவுனும் கலர் பென்சிலும் வாங்கியாகிவிட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

நன்றாகத்தான் இருந்தது. கேக்கின் மேல் அவள் பெயரில் ஓர் எழுத்து தப்பு; அதை முதலில் வெட்டித் தின்றுவிட்டோம். ‘அம்மா நீ இங்கயே படு’ என்று என் கையைத் தன் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். கை மரத்துப்போய்விட்டது. எடுக்கவில்லை. ஞாயிறு மாலை ஸ்டேஷனில் அழவில்லை. டாட்டா காட்டிவிட்டு அப்பாவிடம் ஐஸ்கிரீம் கேட்டாள். அழுதிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. என்ன தாய் நான்.

இன்று காலை வந்ததும் அக்காவுக்குப் போன் பண்ணினேன். எடுத்ததும், ‘எங்கம்மா போயிட்டீங்க?’ என்றாள்.

‘ஏங்க்கா?’

‘சனிக்கிழமை ஒருத்தர் அவர் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தாரும்மா. ஊரோட அந்தக் கோடியில இருந்து, பஸ் மாறி. உங்க பக்கத்துல ரெண்டு காலின்னு போட்டிருக்குன்னு போனை நீட்டறாரு. அந்த ரெண்டும் காலையிலயே போயிடுச்சு. இல்லைங்கன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் முன்னாடி புதுப்பிச்சதுன்னு இருக்கே, நீங்களே பாருங்கங்கறாரு. நான் என்னத்தைப் பார்க்கறது?’

‘சண்டை போட்டாரா?’

‘போடுவாருன்னுதான் நெனச்சேன். போடலை. அந்தம்மாவைப் பெஞ்சுல உட்கார வெச்சுட்டு மறுபடி மறுபடி அதையே பார்த்துட்டு இருந்தாரு. ஒரு நிமிஷம் முன்னாடி, ஒரு நிமிஷம் முன்னாடின்னே காட்டுச்சு. ரெண்டு மட்டும் மாறவே இல்லை. கடைசி ஷிஃப்ட்டுல நர்ஸம்மா எப்படியோ ஒரு இடம் பண்ணிக் கொடுத்தாங்க. அதுக்குள்ள அந்தம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. இப்ப பரவாயில்லை, வீட்டுக்குப் போயாச்சு.’

முதலாளி சனிக்கிழமை காலை இரண்டு என்று தட்டியிருக்கிறார். அதோடு சரி. பிறகு ஏதோ வேலை, மறந்துவிட்டாராம். மனிதர் மறப்பார். ஆனால் அந்த ‘ஒரு நிமிடத்துக்கு முன் புதுப்பிக்கப்பட்டது’ இருக்கிறதே, அது அவர் எழுதியதில்லை. நான் எழுதியது. எங்கள் பக்கம் எப்போது கேட்டது என்பதை அது காட்டுகிறது. எப்போது சொல்லப்பட்டது என்பதை இல்லை. மற்ற நான்கு இடங்களில் இரண்டும் ஒன்றுதான், கேட்டதும் கணினி பதில் சொல்லிவிடும். பெட்டி அப்படி இல்லை. பெட்டியில் காலையில் போட்ட எண் மாலைவரை கிடந்தாலும், நிமிடத்துக்கு ஒரு தரம் அதை எடுத்துப் பார்த்து, புதுசு புதுசு என்று என் பக்கம் கூவியிருக்கிறது.

பேருந்து நேரம் மட்டும் துல்லியமாக இருந்ததாம். சொன்ன நேரத்துக்கு டாண் என்று போய் இறங்கியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முதலாளியிடம் போனேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன்.

‘சார், ரெண்டு மணி நேரமா பெட்டியில யாரும் எண் போடலைன்னா, அந்த இடத்துல ‘தெரியவில்லை’ன்னு காட்டிடலாம். கீழேயே ஆஸ்பத்திரி போன் நம்பரைப் போட்டுடலாம். அவங்களே கேட்டுக்குவாங்க.’

‘தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு வெப்சைட்டாம்மா? அதுக்கு நம்மளை எதுக்கு வெச்சிருக்காங்க?’

‘இல்லை சார், பூஜ்யம் வேற, தெரியலைங்கறது வேற…’

‘எனக்கும் தெரியும்மா. சனிக்கிழமை நான் பண்ணது தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காகப் பக்கத்தைக் கெடுக்க முடியுமா? நாலு பச்சை, ஒரு கேள்விக்குறின்னு இருந்தா பல்லைக் காட்டும். புது ஆள் வர்ற வரைக்கும் நீங்க பார்த்துக்கங்க. நீங்க இருந்தா எந்தப் பிரச்சினையும் வராது.’

சரி சார் என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த மாற்றத்தை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகாது. எழுதவில்லை. ஏன்? கை இருக்கிறது, கணினி இருக்கிறது. வாய்தான் சரி சார் என்று சொல்லிவிட்டதே.

செப்டம்பர் 5, வெள்ளி

இப்போதெல்லாம் மணிக்கு ஒரு தரம் போன் பண்ணுகிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். பல்வலி, டாக்டரிடம் போகவில்லை, அங்கே நாற்காலியில் சாய்த்துவிட்டால் எத்தனை நேரமோ. டிசைனர் எல்லாரையும் சினிமாவுக்கு அழைத்தான். இன்டர்வலில் வெளியே வந்தாலும் கணினி ஆபீசில்தானே இருக்கும்.

அக்கா கேட்டாள்: ‘நீங்க எப்பம்மா சாப்பிடுவீங்க?’ போன் பண்ணிப் பண்ணி அவளுக்கும் என் குரல் பழகிவிட்டது. நான் பேசும் முன்பே எண்ணைச் சொல்லிவிடுகிறாள். அவளுடைய சாப்பாட்டு நேரம் எனக்குத் தெரியும், அவள் மகன் பரீட்சை எழுதப்போவது தெரியும். முகம் தெரியாது.

மாலையில் வீட்டுக்காரர் போன். எடுத்த எடுப்பில், ‘நீ வேலையை விடப் போறியா, எங்களை விடப் போறியா?’

என்ன பதில் சொல்றது? நான் என்ன இங்க ஜாலியாவா இருக்கேன்? தரையில படுத்து, ஒத்தைப் பாத்திரத்துல பொங்கித் தின்னுட்டு, ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ்ல உட்கார்ந்துட்டு— அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கினதை இவர்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா, ‘ஊர்ல வேற ஆளே இல்லையா’ம்பார். இல்லையே. அதுதானே.

போனை வைத்துவிட்டேன். அவர் கேட்டதில் தப்பில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

குட்டி இன்று போனுக்கு வரவில்லை. தூங்கிவிட்டாளாம். மாலை ஆறரை மணிக்கு.

அக்டோபர் 8, புதன்

வந்துவிட்டார். எனக்குப் பதில் வருகிறவரை மாற்றாள் என்று நாங்கள் பேசிப் பேசி, வந்தவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பதை நெருங்குகிற மனிதர். இதற்கு முன் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தாராம். பையிலிருந்து தன் சொந்த டீ கப்பை எடுத்து மேஜையில் வைத்தார், பிறகு மேஜையைத் துடைத்தார், பிறகு உட்கார்ந்தார். எதற்கும் அவசரமில்லை.

‘பெட்டி விஷயத்தைக் கடைசி நாள் சொல்லிக்கலாம்மா. முதல்லயே பயமுறுத்த வேண்டாம்’ என்றார் முதலாளி. தலையாட்டினேன்.

முதலில் பேருந்து, பிறகு வரைபடம், பிறகு நான்கு மருத்துவமனைகள். ஒவ்வொன்றும் என்ன மொழியில் பேசும், எப்போது மக்கர் பண்ணும் என்று காட்டினேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். ‘அஞ்சாவதுக்கு முகவரி எங்கே இருக்கு?’ என்றார். அது அப்புறம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் தன் கப்பைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து வைத்தார். என்னமோ அந்த நேரத்தில் இந்த மனிதரிடம் பொய் சொல்ல முடியவில்லை. வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் முன்னாலேயே அக்காவுக்குப் போன் பண்ணி, எண்ணை வாங்கி, வந்து பெட்டியில் தட்டிக் காட்டினேன்.

திரையில் அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார்.

‘அப்ப இந்த அஞ்சாவது சர்வீஸ்…’

‘நான்தாங்க.’

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

‘சரிங்க. நான் இந்தப் போன் பண்ண மாட்டேன். இப்பவே சொல்லிடறேன், பின்னாடி வருத்தம் வேண்டாம்.’

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. இனிப்பு வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் முதலாளி அறைக்குப் போனார் மாற்றாள். கதவு திறந்துதான் இருந்தது.

‘சார், ஆள் போன் பண்ணி எண் போடற வேலை எனக்குச் சரிப்படாது. தகவல் வரலைன்னா, தெரியலைன்னு காட்டிடுவோம். கீழே போன் நம்பர் கொடுத்துடுவோம்.’

நான் என் மேஜையில் இருந்தேன். ‘அதுக்கு நம்மளை எதுக்கு வெச்சிருக்காங்க’ வரும் என்று காத்திருந்தேன்.

‘அப்படிங்கறீங்க? சரி, போட்டுடுங்க. அதுல என்ன இருக்கு?’

பிறகு என்னைக் கூப்பிட்டார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்: ‘இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.’

முன்னாடியே சொல்லியிருக்கலாமாம்.

நான் சொன்னேனே. இதே ரூம்ல, இதே நாற்காலிக்கு முன்னாடி நின்னு, இதே வார்த்தையைச் சொன்னேனே. பூஜ்யம் வேற தெரியலைங்கறது வேறன்னு பாதியில நிறுத்தினாரே. மாற்றாள் சொன்னா ‘அதுல என்ன இருக்கு’, நான் சொன்னா பக்கத்தைக் கெடுக்கறதா? ஆம்பளைங்கறதாலயா? வயசாலயா? இல்லை, அவர் கேட்கலை, சொன்னார். அதுதானா? நான் போய்க் கேட்டேன். ‘காட்டிடலாம் சார்’ன்னு, இழுத்து, பாதியில நிறுத்த இடம் கொடுத்து. இத்தனை மாசம் ஒரு ‘மாட்டேன்’ எனக்கு வாயில வரலையே. பூட்டே போடாத கதவை உள்ள நின்னு தள்ளிப் பிடிச்சுட்டு இருந்திருக்கேன்.

முதலாளி மேல் கோபம், மாற்றாள் மேல் அதைவிடக் கோபம். மனிதர் எவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்தார். கப்பைப் பிடுங்கி உடைக்கலாம் போல இருந்தது.

மதியம் அந்த மாற்றத்தை நானே எழுதினேன். அவரை எழுத விடவில்லை. ‘தெரியவில்லை. மருத்துவமனையை அழைத்துக் கேளுங்கள்.’ நிமிடக் கணக்கையும் திருத்தினேன்; இனி கேட்ட நேரத்தைக் காட்டாது, சொல்லப்பட்ட நேரத்தைக் காட்டும். சின்ன வேலைதான்.

அக்டோபர் 10, வெள்ளி

‘கோந்து, அஞ்சாவது லைட் அணைஞ்சு கிடக்கு, என்னன்னு பாருங்க’ என்று டிசைனர் ஹாலிலிருந்து கத்தினான்.

தெரியும் என்றேன். எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

அக்காவே போன் பண்ணினாள். அவள் பண்ணுவது இதுதான் முதல் தடவை. என் கை தானாகப் பேனாவைத் தேடியது, எண் குறித்துக்கொள்ள.

‘உங்க பக்கத்துல என்னமோ மாத்திட்டீங்களாமே. முதல் வாரம் போன் அடிச்ச அடியில காது புண்ணாயிடுச்சு. எங்க பெரியவருக்கே கோபம் வந்து கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டாரு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? இத்தனை நாள் அவங்க பக்கத்துல சரியாத்தானே வந்துட்டு இருந்துச்சு, அதனால அவசரமில்லைன்னு விட்டுட்டேன்னான். நேத்து சரிபண்ணிட்டான். பாருங்க, வருதான்னு.’

பார்த்தேன். வருகிறது. ஹாலில் ஐந்தாவது விளக்கு பச்சையாக எரிகிறது, யாரும் தொடாமல்.

இரண்டு வாரம் சமாளிக்கச் சொன்னார்கள். நான் சமாளித்துக்கொண்டே இருந்ததால்தான் அது ஓட்டையாகவே இருந்திருக்கிறது. இதை அக்காவிடம் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. ‘விடுங்கம்மா, நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க’ என்றாள். அவள் முகத்தைப் பார்க்க ஒரு தரம் அந்தப் பக்கம் போயிருக்கலாம். இனி எங்கே.

நவம்பர் 22, சனி

மாற்றாளுக்கு எல்லாம் பழக்கிக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தேன். விடுவிப்புக் கடிதம், மெத்தை, நாற்காலி, நான். ஸ்டேஷனுக்கு அவர் மட்டும் வந்திருந்தார். அதிகம் பேசவில்லை, பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

குட்டி வீட்டைச் சுற்றிக் காட்டினாள். இது பாத்ரூம், இந்தக் குழாய் கொஞ்சம் ஒழுகும், இது விருந்தாளிக்கு வைத்திருக்கிற துண்டு, எடுத்துக்கொள்ளலாம். தலையை அப்பா பின்னிவிடுகிறாராம், அப்பாவுக்கு இப்போது நன்றாக வருகிறதாம். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமியிடமும் பால்காரரிடமும் அப்படித்தான் பேசுகிறாள். அப்பாவிடம் மட்டும் பழைய மாதிரி, ‘அப்பா நீ வா’ தான்.

சாப்பிட்டு முடித்ததும் என் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

‘அம்மா, நீங்க எப்ப கெளம்புவீங்க?’

குறும்பில்லை, கோபமில்லை. விவரம் கேட்டாள். கிளம்ப மாட்டேன், இனிமேல் இங்கேதான் என்றேன். ‘சரிங்கம்மா’ என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு அவருக்குப் புண்ணியம்.

நவம்பர் 27, வியாழன்

தலை பின்னிவிடட்டுமா என்று கேட்டேன். ‘வேண்டாங்கம்மா, அப்பா பண்ணிடுவாரு.’

கேட்டிருக்கக் கூடாது. சீப்பை வைத்துவிட்டு டிபன் டப்பாவைக் கழுவினேன்.

டிசம்பர் 11, வியாழன்

மழை. பள்ளிக்கூட வண்டி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. குட்டிக்கு ஒரு ஷூவைக் காணோம். அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே கட்டிலுக்குக் கீழே தேடினார், நான் வாசல் பக்கம் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு ஓடிவந்தவள் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

‘அய்யோ தள்ளும்மா, நடுவுல நின்னுட்டு! ஷூ மேலயே நிக்கற நீ.’

தள்ளி நின்றேன்.